கேடயம் விழுந்த பின் வந்த குண்டு

அத்தியாயம் ஐந்து

"மறுபடியும் போடு" என்றாள் கல்யாணசுந்தரி.

சுடலைராஜ் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். "அக்கா, இந்த மேட்ச்சப் பாத்த அளவுக்கு நான் என் கல்யாண வீடியோவக்கூடப் பாக்கல. ரெண்டுலயும் முடிவு ஒண்ணுதான். நம்ம ஆளு தோத்துட்டான்."

"வாய மூடிட்டுப் போடு."

எட்டயபுரம் சாலையில், உரக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் கல்யாணசுந்தரியின் துப்பறியும் நிறுவனம். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்துவிட்டு, வேலையை விட்டு வந்து தொடங்கியது. பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டு விசாரிப்புகள்தான் வரும். இந்த வழக்கு அப்படியில்லை. எடுத்த நாளிலிருந்து ஒரு அடிகூட நகராமல் அவளை எரிச்சலூட்டிக்கொண்டிருந்தது.

'போர்முனை' என்பது செல்போனில் ஆடும் சுடும் விளையாட்டு. அணிக்கு ஐந்து பேர். தீப்பெட்டித் தொழிற்சாலை அதிபர் லிங்கராஜ் செலவு செய்து வளர்த்த 'கரிசல் படை' அணி, கோவில்பட்டியிலிருந்து கிளம்பி மாநில இறுதிப் போட்டிவரை போனது. மதுரையில் நடந்த அந்தப் போட்டியில், கேடயம் பிடிக்கும் கேப்டன் அருண்பாண்டியன், எதிரிகள் சுடுவதற்கு முன்பே கேடயத்தைக் கீழே போட்டான். கண் மூடித் திறப்பதற்குள் ஐந்து பேரும் செத்தார்கள். கோப்பை மதுரைக்குப் போனது. மதுரை அணியில் இடம் பிடிக்கத்தான் இப்படிச் செய்தான் என்று ஊரே பேசியது.

வழக்கைக் கொடுத்த லிங்கராஜ் காலையில் போன் செய்திருந்தார். "மேடம், இன்னிக்கு ஆறு மணிக்குப் பிள்ளைகள வரச் சொல்லிருக்கேன். நீங்க வேற பேரு சொன்னா சரி. இல்லன்னா அருண்பாண்டியன் மேல கூட்டமைப்புக்குப் புகார் போயிரும்."

புகார் போனால் அவன் இனி எந்தப் போட்டியிலும் உட்கார முடியாது.

திரையில் மதுரை அணியின் சுந்தரபாண்டி துப்பாக்கியைத் தூக்கினான். கருப்பாக, வால் வளைந்த ஒரு துப்பாக்கி. ஆடுகிறவர்கள் எல்லாரும் அதைத் தேள் என்றார்கள்.

"அன்னிக்குக் காலைலதான் இத விட்டாங்க" என்றான் சுடலைராஜ். அவனும் இந்த விளையாட்டில் விழுந்து கிடந்தவன். "பத்து மணிக்குத் துப்பாக்கி வருது, பதினோரு மணிக்கு இறுதிப் போட்டி. எவன்கா இப்பிடிச் செய்வான்? முன்னல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு பதில் இருக்கும். தூரத்துல இருந்து சுடுதவனக் கேடயம் நிறுத்தும். கேடயக்காரன வெடிகுண்டு கலைக்கும். குண்டு போடணும்னா பக்கத்துல வரணும், வந்தா சாவான். அஞ்சு பேரும் சேந்து யோசிச்சாத்தான் ஜெயிக்க முடியும். இப்ப பதினஞ்சு நாளைக்கு ஒரு புதுத் துப்பாக்கி. ஒண்ணப் பழகி முடிக்குமுன்ன அது செல்லாக் காசாயிருது. போன மாசம் நான் உயிரக் குடுத்துப் பழகின துப்பாக்கிய இப்ப பொம்மைக் கடையிலகூட எடுக்க மாட்டான்."

"எப்பப் பழகின? ஆபீஸ் நேரத்துலயா?"

"மதியச் சாப்பாட்டு நேரத்துல."

"உன் மதியச் சாப்பாடு மூணு மணி நேரம்னு இப்பத்தான் புரியுது. நிறுத்து. அங்கன நிறுத்து."

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் ஆட்டக்காரரின் கைகளைக் காட்டினார்கள். கல்யாணசுந்தரி அதன்மேல் விரலை வைத்தாள்.

"சுட்டா துப்பாக்கி எந்தப் பக்கம் உதைக்கும்?"

"மேல. அதனால கட்டைவிரலால கீழ இழுக்கணும். எல்லாத் துப்பாக்கியும் அப்பிடித்தான். தேள் மட்டும் கீழ இறங்கும். அத மேல தள்ளணும்."

"இவன் முதல் குண்டுலயே மேல தள்ளுதான். பாரு."

சுடலைராஜ் குனிந்து பார்த்தான்.

"வந்து ஒரு மணி நேரத்துல பழகிட்டானோ?" என்று கேட்டாள்.

"பழக முடியாதுக்கா. பயிற்சி மைதானத்துல தேள மறுநாள்தான் போட்டாங்க. போட்டிக்கு முன்ன அத யாரும் கையில தொட்டிருக்க முடியாது. தொடணும்னா..." அவன் நிறுத்தினான். "சோதனைக்காரங்க இருக்காங்க. ஒரு துப்பாக்கி வெளிய வருமுன்ன கம்பெனி சில ஆட்டக்காரங்களுக்கு மட்டும் குடுத்து ஆடிப் பாக்கச் சொல்லும். யாருன்னு வெளிய சொல்லக்கூடாது. சொன்னா அவங்க கணக்கையே மூடிருவான்."

"சரி, இப்ப நம்ம ஆளு. கேடயம் முதல்ல விழுது, குண்டு பிறகு வருது."

"அதத்தான எல்லாரும் துரோகம்னு சொல்லுதாங்க."

"நீ மதுரைக்கு ஆட்டத்த விட்டுக் குடுக்கணும்னு நினைச்சா என்னலே செய்வ? நீ ஆடிப் பாத்த மாதிரி, தேள் கேடயத்தத் துளைச்சிட்டுப் போகும்னு அன்னிக்கே உனக்குத் தெரியும்னு வச்சுக்க."

சுடலைராஜ் யோசித்தான். "கேடயத்தக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். பின்னால நாலு பேரும் வரிசையா நிப்பாங்க. ஒரே வீச்சுல எல்லாம் காலி. என்னையும் எவனும் குறை சொல்ல மாட்டான்."

"இவன் கீழ போட்டுட்டு, கலையுங்கன்னு கத்துதான்."

"கத்தினான். அவங்கதான் கலையல. கேடயத்துக்குப் பின்னால நின்னே பழகின ஆளுக." அவன் குரல் இறங்கியது. "அப்ப அவன் காப்பாத்தப் பாத்திருக்கான்."

"கேடயம் நிக்காதுன்னு இவனுக்கு முன்னயே தெரிஞ்சிருக்கு. மதுரைக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு. யாரோ ஒரு ஆளு ரெண்டு பக்கமும் சொல்லிருக்கு. வண்டிய எடு."

* * *

அருண்பாண்டியன் ரயில் நிலையத்தில் இருந்தான். அவன் அப்பாவுக்கு மணியாச்சியில் தண்டவாள வேலை. அங்கே போகும் ரயிலுக்காக நடைமேடையின் கடைசி பெஞ்சில், காலுக்கடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது. பல நாள் தூங்காத கண்கள்.

"ஆறு மணிக்குக் கூட்டம்னு சொன்னாவளே, போகலயா?" என்று கேட்டாள் கல்யாணசுந்தரி.

"எதுக்குப் போகணும்? துரோகின்னு நேர்ல ஒருக்கா கேக்கவா? எங்கப்பாகிட்ட டீக்கடையில கேட்டாச்சு, உம்மவன் எவ்வளவு வாங்கினான்னு. அவிய அன்னையில இருந்து டீக்கடைக்கே போகல."

"நீ விட்டுக் குடுக்கலன்னு எனக்குத் தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"தேளு கேடயத்தத் துளைக்கும்னு உனக்கு யாரோ சொல்லிருக்காங்க. யாரு?"

"யாரும் சொல்லல."

"பிறகு எப்பிடித் தெரியும்?"

"தோணிச்சு."

"தம்பி, எனக்கும் இப்பிடித் தோணிருந்தா நான் என் மாமனார் வீட்டுப் பக்கமே போயிருக்க மாட்டேன்" என்றான் சுடலைராஜ்.

அருண்பாண்டியன் சிரிக்கவில்லை. ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. அவன் பையைத் தோளில் போட்டான். திடீரென்று அடக்க முடியாத கோபத்தோடு பேசினான்.

"மேடம், நான் கேடயம் பிடிக்கப் பழகினது விளையாட்டுக்கு இல்ல. எனக்குப் பின்னால நாலு பேரு நிக்காங்க, அவங்கள நம்பித்தான் நான் முன்னால போறேன். என்னை நம்பித்தான் அவங்க பின்னால வாராங்க. அந்தத் தையல் மெஷின் வந்த பிறகு அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. எவன் கையில அது இருக்கோ அவன் ஜெயிப்பான். அதுக்கு அஞ்சு பேரு எதுக்கு?"

"தையல் மெஷினா?"

அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். ரயில் வந்து நின்றது.

"ஏறாத" என்றாள் கல்யாணசுந்தரி. "ஆறு மணிக்கு நீ அங்கன இருந்தா நான் ஒரு பேரு சொல்லுதேன். இல்லன்னா எல்லாரும் உன் பேரத்தான் சொல்லுவாங்க."

அவன் ஏறுகிறானா என்று நின்று பார்க்காமல் அவள் வெளியே நடந்தாள்.

* * *

நிலைய வாசலில் சுடலைராஜ் தலையைச் சொறிந்தான். "தையல் மெஷின்னு யாரும் சொல்ல மாட்டாங்கக்கா. எல்லாருக்கும் அது தேளுதான். வால் வளைஞ்சிருக்குல்லா."

"மதுரைக்காரனுக்குப் போனப் போடு. நீ அவனோட பெரிய ரசிகன்."

"அது என்னால முடியாத காரியம்."

"போடுலே."

மதுரை அணியின் இணையப் பக்கத்தில் போன் எண்ணைத் தேடிப் பிடித்தான். இரண்டாவது முயற்சியில் சுந்தரபாண்டியே எடுத்தான். சுடலைராஜ் குரலில் தேனைக் குழைத்தான். அண்ணன் ஆட்டத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கமே வரவில்லை என்றான். அந்தத் துப்பாக்கி தன் கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது, அண்ணன் எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டான்.

"அதுவா" என்றது மதுரைக் குரல், சந்தோஷமாக. "மத்த துப்பாக்கி மாதிரி நெனச்சுப் பிடிக்காதீங்கண்ணே. தையல் மெஷின் கீழ இறங்கும். கட்டைவிரல லேசா மேல தள்ளிக்கிட்டே இருக்கணும்."

சுடலைராஜ் நன்றி சொல்லி வைத்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரே சொல்லு, ரெண்டு ஊரு" என்றாள் கல்யாணசுந்தரி. "துப்பாக்கிக்குப் பேரு வைக்குமுன்ன அத ஆடின ஆளு வச்ச பேரு. அந்தச் சத்தத்தப் போடு, கேப்போம்."

செல்போனில் தேள் சீறியது. விட்டு விட்டு, பிறகு வேகமெடுத்து, ஒரு இழுப்பில் நின்றது.

"இதக் கேட்டா எனக்குத் தையல் மெஷின் ஞாபகம் வரல. உனக்கு?"

"எனக்குப் பழைய டிவிஎஸ் வண்டி."

"வீட்டுல நாள் பூரா அந்தச் சத்தம் கேக்குத ஆளுக்குத்தான் முதல்ல அது தோணும். அணியில யார் வீட்டுல தையல் வேலை?"

சுடலைராஜின் முகம் மாறியது. "அக்கா, அணிச் சட்டை அஞ்சும் தச்சது ஜெபிஷாவோட அம்மாதான். இடைசெவல்ல. அது நல்ல பிள்ளைக்கா. அணியில அதுதான் மருந்துப் பெட்டி வச்சிருக்கும். விழுந்தவங்கள எழுப்பி விடும்."

"நல்ல பிள்ளையா இல்லயான்னு போய்ப் பாப்போம்."

* * *

நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதும் இருபுறமும் பருத்தி. மழை தப்பிப்போய், கரிசல் மண் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. ஊருக்குள் நுழைந்து தெரு திரும்பியபோதே அந்தச் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, பிறகு வேகமெடுத்து, ஒரு இழுப்பில் நின்றது.

சுடலைராஜ் வண்டியை அணைத்தான். "தேளே தான்" என்றான் மெதுவாக.

ஜெபிஷாவின் அம்மா நேசம்மாள் மெஷினிலிருந்து எழுந்து வந்து, "வாங்கம்மா, உக்காருங்க, பிள்ளை உள்ள இருக்கு" என்றாள். மகளைக் கூப்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஜெபிஷா வந்து நின்றாள். மெலிந்த பெண். யார் வந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்ததும் அவள் கண் தரைக்குப் போனது.

கல்யாணசுந்தரி சுற்றி வளைக்கவில்லை. "நீ சோதனைக்காரி. தேள வெளிவருமுன்ன ஆடிருக்க. அருண்பாண்டியன்கிட்டச் சொன்ன. சுந்தரபாண்டிகிட்டயும் சொன்ன."

"ஆமா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று சுடலைராஜ் எதிர்பார்க்கவில்லை. "மதுரையில உனக்கு இடம் தாரேன்னாங்களா?" என்றான்.

"எனக்கு எந்த இடமும் வேண்டாம்ணே." அவள் நிமிர்ந்தாள். "ஒவ்வொரு துப்பாக்கி வரும்போதும் கம்பெனிக்கு எழுதினேன். இது வந்தா கேடயத்துக்கு வேலை இல்ல, இது வந்தா மருந்துக்கு வேலை இல்லன்னு. என்ன நடந்துச்சுன்னு படம் பிடிச்சு அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றின்னு பதில் வரும். அடுத்தாப்புல அத விடப் பெருசா ஒண்ணு வரும். தேள் வந்தப்ப, விடாதீங்கன்னு கெஞ்சினேன். இறுதிப் போட்டி அன்னிக்கே விடுதோம்னு சொன்னாங்க."

"அதுக்கு?"

"மாநிலமே பாக்கும்ல. சுந்தரபாண்டிக்கு அதப் பிடிக்கச் சொல்லிக் குடுத்தேன். எங்க கேடயத்த அது துளைச்சிட்டுப் போறத எல்லாரும் நேர்ல பாத்தா, கம்பெனி அதத் திரும்ப எடுத்துத்தான ஆகணும்னு நினைச்சேன். ஒரு கோப்பை போனாப் போகட்டும்."

"நாலு பேரோட கோப்பையவும் நீ ஒருத்தியே முடிவு பண்ணிட்ட."

ஜெபிஷா அழத் தொடங்கினாள். "மேடையில உக்காரும்போது முடியல மேடம். அருண் கேடயத்த எடுத்துத் தயாரா வச்சுக்கிட்டு, என்னைப் பாத்து, நீ எனக்குப் பின்னால இருன்னான். காதுல சொல்லிட்டேன். கேடயம் நிக்காது, சோதனையில பாத்தேன், யார்கிட்டயும் சொல்லிராதன்னு. அவன் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. மதுரைக்குச் சொன்னதும் நான்தான்னு அவனுக்குத் தெரியாது."

சுடலைராஜ் அதற்குள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமான கிண்டல் அவன் முகத்தில் இல்லை. "கம்பெனி போட்டிருக்கான்கா. 'தேளுக்கு அமோக வரவேற்பு. இறுதிப் போட்டியின் நாயகன்.' அப்பிடியாம்."

"துளைச்சது தெரிஞ்சும் எப்பிடி..." என்றாள் ஜெபிஷா.

"எங்கம்மா துளைச்சது?" என்றாள் கல்யாணசுந்தரி. பல நாள் எரிச்சல் அவள் குரலில் ஒன்றாக வந்து நின்றது. "நானும் எத்தனை தடவையோ பாத்துட்டேன். குண்டு வரும்போது கேடயம் தரையில கிடக்கு. நீ சொன்னதால அவன் கீழ போட்டான். கீழ போட்டதால தேளு துளைச்சத ஒருத்தரும் பாக்கல. துப்பாக்கி மேல வரவேண்டிய பழிய நீ அவன் தலையில கொண்டு போய் வச்சிருக்க."

உள்ளே பால் பொங்கி அடுப்பில் விழும் சத்தம் கேட்டது. ஜெபிஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டாள்.

"நானே வந்து சொல்லுதேன்" என்றாள்.

* * *

புது ரோட்டில், லிங்கராஜ் தீப்பெட்டிச் சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் மாடியில்தான் கரிசல் படையின் பயிற்சி அறை. இவர்கள் போனபோது மற்ற மூன்று ஆட்டக்காரர்களும் லிங்கராஜும் இருந்தார்கள். அருண்பாண்டியனும் இருந்தான், பையைத் தோளிலிருந்து இறக்காமல்.

ஜெபிஷா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. முடிந்ததும் லிங்கராஜ் நெற்றியைத் தேய்த்தார்.

"நானும் யாவாரிதான்" என்றார் கடைசியில். "தீப்பெட்டிக்கு மாசம் ஒரு படம் மாத்துவேன். உள்ள இருக்க குச்சிய மாத்தினா எவன் வாங்குவான்? இவனுக என்ன யாவாரம் பண்ணுதானுகன்னு எனக்கு விளங்கல. சரி, புகார் போகாது. இந்தப் பிள்ளைய என்ன செய்ய? அருணு, நீதான் கேப்டன், நீ சொல்லு."

அருண்பாண்டியன் ஜெபிஷாவைப் பார்த்தான். "எங்கிட்ட ஏன் முன்னயே சொல்லல?"

"சொன்னா நீ வேற வழி கண்டுபிடிச்சிருப்ப. நாம நல்லா ஆடிருப்போம். தேளு மோசம்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்ப நான் கேடயத்தப் பிடிச்சுக்கிட்டே சாகணும்னு நினைச்ச."

"ஆமா."

அவன் முகம் சுருங்கியது. ஊர் சொன்ன எதுவும் அவனை அப்படி அடிக்கவில்லை.

கல்யாணசுந்தரி குறுக்கிட்டாள். "அன்னிக்கு யாரும் பாக்காதத இன்னிக்குக் காட்டலாம். பயிற்சி மைதானத்துல இப்ப தேளு இருக்குல்லா?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. அருண்பாண்டியனுக்குத்தான் முதலில் புரிந்தது. பையை இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தான். மூன்று பேரும் அவன் பின்னால் நிற்கும்படி திரையில் வந்து சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆளாக சுடலைராஜ் சேர்ந்துகொண்டான். "சாகுததுக்கு ஆளு வேணும்னா நான் எப்பவும் உண்டு" என்றான்.

லிங்கராஜ் தன் போனில் படம் பிடித்தார். அதற்கு முன்னால் ஜெபிஷா தன் பெயரையும், தான் சோதனைக்காரி என்பதையும், மதுரைக்குச் சொல்லிக் கொடுத்ததையும், அருண்பாண்டியன் ஏன் கேடயத்தைப் போட்டான் என்பதையும் சொன்னாள். பிறகு தேளை எடுத்தாள்.

"சுடு" என்றான் அருண்பாண்டியன்.

அவள் விரல் நகரவில்லை.

"நான் நிக்கேன். சுடு."

சுட்டாள். ஐந்து பேரும் விழுந்தார்கள். கேடயம் என்று ஒன்று இல்லாததுபோலக் குண்டுகள் அதைக் கடந்து போயிருந்தன; அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"எனக்குப் பழகிப்போச்சு" என்றான் சுடலைராஜ்.

"இன்னொரு தடவ" என்றான் அருண்பாண்டியன். "இந்தத் தடவ சுவத்துக்குப் பின்னால கேடயம். இது எதையெல்லாம் துளைக்கும்னு அப்பத்தான் முழுசாத் தெரியும்."

படம் வெளியே போனது. அருண்பாண்டியனைத் திட்டியவர்கள் அதன் கீழே வந்து மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் ஜெபிஷாவைத் திட்டத் தொடங்கினார்கள். அருண்பாண்டியனின் அப்பாவுக்கு லிங்கராஜே போன் செய்து பேசினார். தேளைப் பற்றிக் கம்பெனி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவு ஒன்பது மணிக்குள் இரண்டு செய்திகள் மட்டும் வந்தன. ஒன்று ஜெபிஷாவுக்கு: விதியை மீறியதால் அவள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. இன்னொன்று எல்லாருக்கும்: திங்கட்கிழமை ஒரு புதிய துப்பாக்கி.

சுடலைராஜ் அதை வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். "இவனுகளத் திருத்த முடியாதுக்கா."

"அது நம்ம வழக்கு இல்ல" என்றாள் கல்யாணசுந்தரி. ஆனால் அவளும் கைப்பையை மூடியபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஜெபிஷா வாசலுக்குப் போனாள்.

"திங்கக்கிழமை வாரது என்ன செய்யும்?" என்று பின்னாலிருந்து அருண்பாண்டியன் கேட்டான்.

அவள் திரும்பினாள். "தெரியாது. இனிமே எனக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது."

"நல்லது." அவன் முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. "அப்ப மதுரைக்காரங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது."

பக்கத்து நாற்காலியைக் காலால் வெளியே தள்ளினான்.

"புதுக் கணக்கு திறக்க எவ்வளவு நேரமாகும்?"